பெரிய வீட்டு ரகசியம்

கேள்வி: பணக்கார வீடுகளின் இருட்டு ரகசியங்களை வைத்து எடுக்கும் சஸ்பென்ஸ் படங்களை விடிய விடியப் பார்க்கிறேன். நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?
– ஒரு வாசகி, புத்தலப்பட்டு

பதில்: நடந்திருக்கிறதம்மா, உங்கள் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த நாளிலேயே! லட்சுமிகாந்தன் என்பவர் 'இந்துநேசன்' என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர்கள், பணக்காரர்களின் படுக்கையறைச் சங்கதிதான் அதற்குச் சரக்கு. படித்தவர்கள் ரசித்தார்கள்; பெயர் அடிபட்டவர்கள் நடுங்கினார்கள். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனார்.

அந்த வருஷத் தீபாவளிக்குத்தான் 'ஹரிதாஸ்' வந்திருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். திரையில் தியாகராஜ பாகவதர் உருகி உருகிப் பாடுகிறார், கொட்டகை நிரம்பி வழிகிறது. பாடியவரோ இந்தக் கொலை வழக்கில் சிறைக் கம்பிக்குள்! எந்தக் கதாசிரியருக்குத் தோன்றும் இப்படியொரு காட்சி? பாகவதருக்கும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947-ல் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. கலைவாணர் கிருஷ்ணன் மறுபடி சிரிக்க வைத்தார். பாகவதருக்குப் பழைய நாள் திரும்பவே இல்லை. அந்தக் குரலை அதன் உச்சத்தில் சிறையில் பூட்டி வைத்தார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் பார்க்கும் படங்களில் கடைசி ரீலில் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது 80 வருஷம் தாண்டியும் துலங்கவில்லை.