மூன்றாண்டு நீண்ட முதல் கோப்பை

கேள்வி: ஒரே கால்பந்துக் கோப்பைப் போட்டி முடிய மூன்று ஆண்டுகள் ஆனது உண்மையா?

பதில்: உண்மையே. ஐரோப்பாவில் வணிகப் பொருட்காட்சிகள் நடத்தும் நகரங்களின் அணிகளுக்கென உருவான ‘இன்டர்-சிட்டீஸ் ஃபேர்ஸ் கோப்பை’யின் முதல் போட்டி 1955 ஜூனில் தொடங்கி 1958 மே 1 அன்றுதான் நிறைவுற்றது. ஆட்டங்களைப் பொருட்காட்சிக் காலத்தை ஒட்டி நடத்த எண்ணியதால், காய் கனியக் காத்திருப்பதுபோல் அணிகள் நாள் கனியக் காத்திருந்தன. நகருக்கு ஓர் அணியே என்ற விதிப்படி, லண்டன் பல கழகங்களின் வீரர்களைத் திரட்டி ஒரு கூட்டணியை அனுப்ப, பார்சிலோனாவோ பெரும்பாலும் ஒரே கழகத்தின் வீரர்களை நம்பியது. இறுதிப்போட்டி, இரு ஊர்களிலும் ஒவ்வோர் ஆட்டம் ஆடி, இரண்டின் கோல்களையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் இருகட்ட முறையில் நடந்தது. லண்டனில் 2-2 எனச் சமநிலையில் முடிந்த கணக்கை, பார்சிலோனா தன் மண்ணில் 6-0 எனத் தீர்த்து, மொத்தம் 8-2 என வென்றது. பல ஊர்ப் பூக்களைக் கட்டிய மாலையைவிட ஒரே கொடியில் பூத்த கொத்துக்குப் பிணைப்பு மிகுதி என்பதும், பொறுத்தார் கோப்பை ஆள்வார் என்பதும் அந்த நீண்ட போட்டி தந்த பாடங்களாகும்.