பாம்பு வளர்க்கும் பெரிய மனிதர்

டல்லாஸ் பக்கம் பிளேனோ, ஃபிரிஸ்கோ வட்டாரத்தில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், வீட்டுக்கடன் வட்டிப் பேச்சில் ஒட்டாமல் ஒருவர் மட்டும் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார். குழந்தை போட்டோ என்று நினைத்து "சோ க்யூட்" சொல்லத் தயாராகி எட்டிப் பார்த்தால், கறுப்பும் பழுப்புமாகச் சுருண்டு கிடக்கும் ஒரு 'பால் பைத்தான்' மலைப்பாம்பு. "வீட்டுக்கு வாங்க சார், கையில எடுத்துப் பாருங்க. கடிக்கவே கடிக்காது" என்பார். டெக்சஸ் வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டை போடுவது ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

ஆர்லிங்டன் ஊர்வனக் கண்காட்சியில் அவர் அதைத் தேர்ந்தெடுத்தது பெண் பார்க்கும் படலம்தான். கண் தெளிவா? மூச்சில் சத்தம் வருகிறதா? செதிலுக்கடியில் உண்ணி இருக்கிறதா? கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டது? 'ஸ்பைடர்' ரகத்தைப் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டார். அந்த ரகத்துக்குப் பிறவியிலேயே தலையாட்டும் நரம்புக் கோளாறு உண்டு. தன் கல்யாணத்துக்கு, அப்பா நீட்டிய முதல் போட்டோவுக்கே தலையாட்டியவர்.

பாம்பைவிடப் பெட்டி விலை அதிகம். நாலடி நீளம், இரண்டடி அகலம். ஒரு கோடியில் 90 டிகிரி ஃபாரன்ஹீட், மறுகோடியில் 78, காவலுக்குத் தெர்மோஸ்டாட். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஆபீஸில் இருப்பவருக்குப் போன் அலறும். ஒளிந்துகொள்ளக் குகை இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், சூடு வேண்டுமா பத்திரம் வேண்டுமா என்று பாம்பு தவிக்குமாம். வீட்டம்மா குளிருகிறது என்றால், "ஸ்வெட்டர் போட்டுக்கோ." 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சஸில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனபோது, பாம்பைத் துணிப்பையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, காரில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தவர் இவர். மனைவிக்கும் பிள்ளைக்கும் போர்வை இருந்தது.

ஊரிலிருந்து அம்மா வந்தால்தான் அவருக்குச் சோதனை. பெட்டிக்குள் பரப்பியிருப்பது தேங்காய் நார்த்தூள். "இதைப் போய்க் காசு குடுத்தா வாங்கின? பொள்ளாச்சியில மலையா குவிஞ்சு கிடக்குதேடா!" ஃப்ரீசரில் முருங்கைக்காய் தேடப்போய் வெள்ளெலிப் பொட்டலம் கையில் வந்த நாளிலிருந்து, சமையலறையில் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

குளிர்காலத்தில் பாம்பு மாதக்கணக்கில் இரையைத் தொடாது. பால் பைத்தானுக்கு அது சகஜம். எடை குறையாதவரை கவலையில்லை. இது அவருக்கும் தெரியும். ஆனாலும் எலியை வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டி ஆட்டிக் கெஞ்சுவார்.

"பால் ஊத்திப் பாரேன்டா."

"பாம்பு பால் குடிக்காதும்மா."

"அப்ப நாகாத்தம்மன் புத்துல இத்தனை வருஷமா நான் ஊத்தினது?"

பாம்பைப் பற்றி அவரிடம் பதில் இல்லாத ஒரே கேள்வி இதுதான்.

டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்குக் கிளம்புவார். பால் பைத்தான் இருபது முப்பது வருஷம் வாழும். அத்தனை டிசம்பருக்கும் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்ற ஆள் வேண்டும். எனவே, டல்லாஸ்வாசிகளே, நவம்பர் கடைசியில் ஒருவர் அதிசயமாக உங்களைப் பிரியாணி விருந்துக்கு அழைத்தால், கிளம்புமுன் அவர் வீட்டில் என்ன வளர்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.