டயர் அண்ணை

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒக்டோபர் கடைசியில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனால், மண்டபத்துக்குள் கால் வைக்க முதலே அவரைக் காணலாம். வாசலில் பன்னீர்ச் செம்போடு பிள்ளைகள் நிற்பார்கள். பார்க்கிங்கில், கோட்டும் சூட்டும் போட்ட ஒரு மனிதர் யாருடையதோ எஸ்யூவிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். திறப்பைத் தொலைத்துவிட்டாராக்கும் என்று இரக்கப்பட்டுக் கிட்டப் போய்விடாதீர்கள். அவர் டயர் பார்க்கிறார்.

அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கும். எவருக்கும் ஞாபகமில்லை. டயர் அண்ணை என்றால்தான் தெரியும். ரொறன்ரோவில் தமிழர் கூடுதலாய் இருக்கிற ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவர் உண்டு. மெக்கானிக் என்று நினைக்கவேண்டாம். மெக்கானிக்குக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? அண்ணை ஒரு தொழிற்சாலையில் சுப்பர்வைசர், அல்லது வங்கியில் பின்பக்கத்து வேலை. ஊரில் அவர் ஓட்டிய ஆகப் பெரிய வாகனம் ஒரு றலி சைக்கிள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. டயர் வெடித்தால் வேறு டயருக்கு வழியில்லை. பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தூக்கிப் போட, கிளிநொச்சி மட்டும் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் மேல் அண்ணைக்கு இருக்கிற பயபக்தி அங்கேதான் தொடங்கியிருக்கவேண்டும். கனடாவுக்கு வந்து பனியைக் கண்டதும் அது முற்றிவிட்டது.

அவர் குந்தியிருந்து செய்வதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். பொக்கற்றிலிருந்து ஒரு இரண்டு டொலர் குற்றி வரும். அதை டயரின் பள்ளத்துக்குள் இறக்குவார். குற்றியின் நடுவில் ஒரு துருவக்கரடி நிற்கிறதல்லவா, அதன் பாதம் வரைக்கும் டயர் மறைத்தால் புதுசு மாதிரி, முகம் மலரும். வெளி வளையத்து எழுத்துகளே பாதி தெரிகிறதென்றால் கதை முடிந்தது. பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்த டயரோடு பனித் தெருவில் இறங்காதே என்று கனடாவின் போக்குவரத்து அமைச்சே சொல்கிறது. அமைச்சு சொன்னதை ஊருக்குச் சொல்லும் பொறுப்பை அண்ணை தானாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

"உது ஆற்றை வண்டி?"

பெண்பிள்ளையின் தகப்பனுடையது என்று யாரோ சொல்வார்கள். அண்ணை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவார்.

"பெட்டையைப் பல்லக்கிலை கொண்டந்து இறக்கிறான். வீட்டை கூட்டிக்கொண்டு போறது இந்த மொட்டை டயரிலை!"

டயரின் பக்கச் சுவரை அவர் சாதகம் மாதிரித்தான் வாசிப்பார். நாலு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் பிறந்த டயர். "ஒரு சீசன்தான் ஓடினது" என்று சொல்லி யாரோ பழைய டயர் நாலைத் தள்ளிவிட வந்தபோது, அண்ணை இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிறக்கேக்கை என்ரை மகள் பாலர் வகுப்பு, இப்ப அவள் யூனிவேர்சிற்றி" என்றாராம். விற்க வந்தவர் டயரைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்டவரிடம் போய், "அண்ணை, என்ரை ராவ்ஃபோருக்கு எந்த டயர் நல்லம்?" என்று ஒரு அப்பாவி கேட்டுவிட்டால், அன்று அவனுக்கு மண்டபத்துச் சாப்பாடு ஆறியதுதான். எந்த டயர் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சொல்லில் சொல்வதற்கா அவர் இத்தனை வருசம் படித்தார்?

"காலமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறனீர்?"

"அஞ்சரைக்கு அண்ணை."

"அப்ப ஸ்னோ தள்ளுற லொறி வரமுதல். ம். மாமியார் எங்கை இருக்கிறா?"

"மொன்றியலிலை."

"நத்தாருக்குப் போவீரோ?"

"போகாமல் விட மனுசி விடுவாளோ?"

அண்ணை கண்ணை மூடித் திறப்பார். கியூபெக்கில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். அந்த மாகாணத்தில் பதிந்த வண்டிகளுக்குத்தான் அந்தச் சட்டம். ஒன்ராறியோ நம்பர்த் தகட்டோடு போகிறவனைப் பொலிஸ் மறிக்காது. "சட்டம் உம்மை விட்டுடும் தம்பி. கோர்ன்வாலுக்கு அங்காலை 401 ஹைவே விடாது." ஒன்ராறியோவில் கட்டாயம் ஒன்றும் இல்லை. 2016 ஜனவரியிலிருந்து விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கழிவு கொடுக்கவேண்டும் என்று மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கழிவைக் கேட்டு வாங்காத தமிழனை அண்ணை மனிதனாகவே மதிப்பதில்லை.

தம்பி மெதுவாக, "என்ரை வண்டி நாலு சில்லும் இழுக்கிறது அண்ணை, ஓல் வீல்..." என்று தொடங்குவான். எல்லாரும் சொல்வதுதான். வண்டி விற்றவன் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பான்.

"இழுக்கும். வெளிக்கிடேக்கை நல்லா இழுக்கும். நிப்பாட்டுறதுக்கு எல்லா வண்டியிலையும் நாலு சில்லிலைதான் பிறேக். அதிலை உம்மடை வண்டிக்கு என்ன விசேஷம்? பாரம் கூட, அவ்வளவுதான்."

நியாயமான பேச்சு. முதல் ஸ்னோ கொட்டிய காலையில் 401 பக்கப் பள்ளத்துக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்பவற்றில் எஸ்யூவிகளும் தாராளமாய் இருக்கும். ஏறினவனுக்குத் தன் வண்டி நகரும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. நிற்குமா என்ற யோசனை நிற்கவேண்டிய இடத்தில்தான் வருகிறது.

பிறகு ஏழு வரும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் ஓல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் டயரின் ரப்பர் இளக்கமாகவே இருந்து தெருவைப் பிடிக்கும். ஆகவே பனி விழும் வரை பார்த்திருப்பது மடைத்தனம். ஒக்டோபர் பிறந்துவிட்டால் அண்ணை தினமும் காலையில் வெப்பநிலை பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். "இவ்வளவு வருசத்திலை எனக்குக் கை விறைக்குதோ எண்டு இந்த மனுசன் கேட்டதில்லை. ரப்பருக்குக் குளிருதோ எண்டு ராவிலை எழும்பிப் பாக்குது" என்று அண்ணையின் மனைவி ஒருநாள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணை மறுக்கவில்லை. கை தானாகச் சூடாகும், ரப்பர் ஆகாது என்று விளக்கம்தான் சொன்னார்.

தம்பிக்கு இன்னும் டயரின் பெயர் கிடைக்கவில்லை. அவன் பொறுமையிழந்து, விண்டர் டயர் வாங்கினால் கோடையில் வைக்க இடமில்லை, ஓல் வெதர் என்று ஒன்று வருகிறதாமே, வருசம் முழுக்கப் போடலாமாமே என்பான். அண்ணையின் குரல் இறங்கும். கோபம் வந்தால் அவர் கத்துவதில்லை.

ஓல் சீசன் வேறு, ஓல் வெதர் வேறு. முன்னதில் பெரும்பாலும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருக்கும். வெட்டின் அமைப்பைப் பார்த்து டயர்க் கம்பனியே போட்டுக்கொள்வது. பின்னதில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கும். அது பனியில் ஓட்டிப் பரீட்சை வைத்துக் கொடுப்பது. மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 அப்படிப்பட்டது. ஆனால் அந்தப் பரீட்சையும் ஸ்னோவில் கிளம்புகிற பரீட்சை. ஐஸில் நிற்கிற பரீட்சை அல்ல. நகரத்துக்குள் மட்டும் ஓடுகிற, கொன்டோவில் இருக்கிற, ஸ்னோ கொட்டினால் வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடிய ஆளுக்கு ஓல் வெதர் போதும் என்று அண்ணை ஒத்துக்கொள்வார். "நீர் அஞ்சரைக்கு வெளிக்கிடுறனீர். மாமியார் மொன்றியல்." தீர்ப்பு முடிந்தது. இதில் நான் அண்ணை கட்சி. நாலு டயருக்கு இடமில்லை என்கிற அந்தத் தம்பியின் கராஜில் இரண்டு இடியப்ப உரலும், ஊருக்கு அனுப்பக் கட்டி அனுப்பாமல் விட்ட மூன்று பெட்டியும் கிடக்கின்றன.

இனிமேல்தான் அண்ணைக்குப் பிடித்த பகுதி. பிரிஜ்ஸ்டோன் பிளிசாக், ஜப்பானில் 1988இல் வந்தது: ஐஸுக்கு மேலே படிகிற மெல்லிய தண்ணீரை ரப்பரிலுள்ள நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீர் போனால் வழுக்கல் குறையும். அடுத்து நோக்கியன். பின்லாந்தில் நோக்கியா என்ற ஊர்; ஃபோன் செய்த கம்பனியும் டயர் செய்யும் கம்பனியும் ஒருகாலத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1934இல் உலகத்தின் முதல் விண்டர் டயரைச் செய்தவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய டயரின் பெயர் ஹக்கபெலீட்டா. அந்தப் பெயரைச் சொல்லும்போது அண்ணையின் வாயைப் பார்க்கவேண்டும். ஒரு எழுத்தையும் விடமாட்டார். சொந்தப் பேரப்பிள்ளையின் பெயரை இன்றுவரை அவர் சரியாகச் சொன்னதில்லை.

தம்பி கைபேசியில் விலை பார்ப்பான். அவனுடைய ராவ்ஃபோர் 19 அங்குல ரிம்மில் நிற்கிறது. அந்த அளவில் டயர் விலை நெஞ்சைப் பிடிக்கும். அண்ணை காத்திருந்தது இதற்குத்தான்.

"ஆர் உம்மை 19 வாங்கச் சொன்னது? கீழ் ரக ராவ்ஃபோருக்குக் கம்பனியே 225/65 ஆர் 17தான் போடுது. பிறேக்குக்கு இடம் காணுமோ எண்டு கடையிலை ஒருக்கா கேட்டுப்போட்டு, இரும்பு ரிம்மோடை 17 எடும். ஒடுங்கின டயர் ஸ்னோவை வெட்டிக்கொண்டு போகும். பக்கச் சுவரும் உயரம். குழிக்குள்ளை விழுந்தாலும் ரிம் நெளியாது. உப்புப் பட்டாலும் உம்மடை வடிவான ரிம் வீட்டிலை கிடக்கும். நாலும் ஒரே டயர். முன்னுக்கு ரெண்டு மட்டும் மாத்தினால் பிறகு என்னோடை கதைக்கவேண்டாம்."

இவ்வளவும் இலவசம். தம்பி தலையாட்டுவான். தலையாட்டிவிட்டு நவம்பர் நடுப்பகுதி வரை ஒன்றும் செய்யமாட்டான். முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் எல்லாக் கராஜிலும் வரிசை நிற்கும். அந்த அளவு முடிந்துவிட்டது, வேறு அளவு வர இரண்டு கிழமை என்பார்கள். கடைசியில் மனைவி கடைக்குப் போன் எடுத்து, "ராவ்ஃபோர், பதினேழு இஞ்சி, விண்டர், ரிம்மோடை. உங்களிட்டை இப்ப என்ன கிடக்குது?" என்று கேட்பாள். கிடந்தது வரும். டயர் தெரிவு பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

அண்ணை இதற்கெல்லாம் மனம் உடைகிறவர் அல்ல. குளிர் திடீரென்று இறங்குகிற முதல் காலை ஆறு மணியிலிருந்து அவருடைய போன் அடிக்கும். எல்லாருடைய வண்டியிலும் டயரில் காற்றுக் குறைவென்று காட்டும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும். "ஓட்டை ஒண்டுமில்லை. ஆறு பாகை குறைஞ்சால் ஒரு பிஎஸ்ஐ காத்துக் குறையும். றைவர் பக்கக் கதவைத் திறந்தால் தாள் ஒட்டியிருக்கு, அதிலை உள்ள அளவுக்கு அடியும். டயரிலை எழுதியிருக்கிற இலக்கத்தைப் பாத்து அடிச்சுப்போடாதையும், அது உச்ச அளவு." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பார்.

அவருடைய சொந்த எஸ்யூவியில் ஹக்கபெலீட்டா நாலும் தாங்ஸ்கிவிங் வார இறுதியிலேயே ஏறிவிடும். கராஜுக்குள், தரையில் காட்போட் விரித்து, அதற்கு மேலே நிற்கும். ஜனவரியில் பெரும் ஸ்னோ கொட்டிய ஒரு நாள், 401இல் வண்டிகள் நகராமல் கிடந்த மாலையில், தம்பி அவருக்குப் போன் எடுத்தான். பின்னால் யாரோ இருமுகிற சத்தம், மணி அடிக்கிற சத்தம்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"பஸ்ஸிலை."

"ஏன், வண்டி?"

"கராஜிலை கிடக்குது. என்ரை டயரிலை எனக்கு நூறு வீதம் நம்பிக்கை, தம்பி. மற்றவன்ரை டயரை ஆர் நம்பிறது?" கொஞ்சம் பொறுத்து, "அது கிடக்கட்டும். புது டயர் போட்டு நூறு கிலோமீற்றர் ஓடியிட்டீரோ? நட்டெல்லாம் திருப்பி இறுக்கினீரோ?"