பம்பாய் லைன் தம்பி

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து பதினைந்து நாள் ஆகியிருக்காது. நாமக்கல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பியிடம் எந்த வண்டிக்குப் போகப் போகிறார் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “லைன் வண்டிதாண்ணே.” திருச்செங்கோட்டுக்கு சிமென்ட் ஏற்ற ஆள் தேடுகிறார்களே என்றால், “லோக்கலா?” என்பார். ஏதோ எருமை மேய்க்கக் கூப்பிட்டது போல முகம் போகும். பிறகு பாராயணம் தொடங்கும்: கிருஷ்ணகிரி, பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே. கந்த சஷ்டி கவசம் கூட அவருக்கு இவ்வளவு தடங்கலில்லாமல் வராது. எந்த தாபாவில் ரொட்டி மெத்தென்று இருக்கும், எந்த பங்கில் குளிக்க இடம் கிடைக்கும், எல்லாம் செல்போன் வீடியோவில் படித்த படிப்பு. சொல்லும்போதே கை ஸ்டியரிங் வளைக்கும். சதாரா பக்கம் மேடு வந்தால் இடது கை கியரைக் குறைக்கும். டீ கிளாஸ்தான் பாவம், தப்பிப் பிழைக்கும். சேலத்துக்கு வடக்கே அவர் லாரி ஓட்டிப் போனதில்லை என்பது தனிக்கதை.

தூரம் அதிகமானால் தொழிலும் பெரிது என்பது தம்பியின் கணக்கு. அது தப்பு. நாற்கரச் சாலையில் கண் மூடாமல் இருப்பது பொறுமைக்கு வரும் சோதனை. சேலம் லீ பஜாரில் ரிவர்ஸ் எடுப்பதுதான் கைக்கு வரும் சோதனை. பின்னால் ஸ்கூட்டர், பக்கத்தில் மூட்டை சுமப்பவர், மேலே தொங்கும் கேபிள், நடுவே நகர மாட்டேன் என்கிற ஒரு மாடு. லைன் டிரைவர் ஒரு வாரத்தில் எடுக்கும் ரிவர்ஸை லோக்கல் டிரைவர் ஒரே நாளில் எடுத்துவிடுவார். அங்கே தப்பு செய்தால் பெரும்பாலும் ஒரு கண்ணாடியோ பின் லைட்டோ போகும். தொப்பூர் மலை இறக்கத்தில் தப்பு செய்தால் அப்படி இல்லை. காலி வண்டியில் டெஸ்ட் கொடுத்தவருக்கு இருபது டன் பாரம் பின்னாலிருந்து தள்ளுவது எப்படியிருக்கும் என்று தெரியாது. தர்மபுரியிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள் மேல் ஏறியவர்களின் செய்தி எத்தனை முறை வந்துவிட்டது! பம்பாய் போய்த் திரும்புகிற தம்பிக்கு அந்த இறக்கம் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், தூக்கம் சொக்கும் நேரத்தில்தான் வரும்.

லைனில்தானே படி அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ரிட்டன் லோடுக்காகப் புனேயில் காத்துக் கிடக்கும் நாளையும் சேர்த்து வகுத்துப் பார்க்க வேண்டும். தம்பி வகுத்தல் போடுவதில்லை, பெருக்கல் மட்டும்தான். லோக்கல் டிப்பர்களும் நடைக்கணக்குக்குப் பறக்கின்றனவே என்றால், அதையும் மறுக்க முடியாது. அந்த வண்டியில் கற்றுக்கொள்வதைவிட கற்காமல் இருப்பதே மேல். அந்தக் காலத்துப் பெரியவர்கள் நேராகப் பம்பாய் போகவில்லையா என்பதுதான் தம்பி கடைசியாக எடுக்கும் அஸ்திரம். போனார்கள், கிளீனராக. இடது பக்க சீட்டில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, டயர் தட்டி, தார்ப்பாய் கட்டி, திட்டு வாங்கி, அப்புறம்தான் வலது பக்கம் வந்தார்கள். இப்போது அந்த இடது சீட்டே பல வண்டிகளில் காலி. கிளீனர் சம்பளம் மிச்சம் என்று ஓனர் நிறுத்திவிட்டார். டிரைவர் கிடைக்காத அவசரத்தில், லைன் என்று வாயெடுத்தவர் கையில் சாவியைத் திணிக்கிறார். நாளைக்கு 8 மணி நேர வேலை என்று சொல்லி 2025 வரை இருந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த ஓனரைத் தொட்டதே இல்லை. தம்பி கேட்டது ஆசை. இவர்கள் கொடுப்பது அக்கிரமம். முதல் நாலு நடை இன்னொரு டிரைவரோடு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? ஒரு ஆள் படி குறையும், அவ்வளவுதான்.

எப்படியோ தம்பிக்கு லைன் வண்டி கிடைத்துவிடும். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, செல்ஃபி எடுத்த பிறகு, ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது சிமென்ட் வண்டி ஓட்டுகிற லோக்கல் டிரைவரைப் பார்த்து மெல்லக் கேட்பார்: “அண்ணே, கொஞ்சம் ரிவர்ஸ் மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே.”