கசிவதிகாரம்

பாயிரம்

ஆய்வுப் பொருள்: 1957ஆம் ஆண்டு ஒஸ்டின் ஏ35 ஒன்றின் இடப்பக்கப் பின்சில்லு. ஆய்வுக் களம்: வடமேற்கு இலண்டன், கிங்ஸ்பரி, கடைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு கராஜ். ஆய்வுச் சிக்கல்: பிறேக்கை மிதித்தால் கார் வலப்பக்கம் இழுக்கிறது; நிற்பதற்கு முன் சற்று யோசிக்கிறது. ஆய்வின் தேவை: நாற்பது வயது கடந்த, பெரிதாக மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை வேண்டியதில்லை என்று 2018இல் பிரித்தானிய அரசு விலக்களித்துவிட்டது. எனவே பிறேக் பிடிக்குமா என்பதை இனி அறிஞர்களே தீர்மானிக்கவேண்டியுள்ளது.

களத் தேர்வு

கிங்ஸ்பரி ஏன்? வான்டன் பிளாஸ் என்னும் கார்க்கூடு கட்டும் நிறுவனம் 1923 முதல் 1979 வரை இங்கே இயங்கியது. 1920களில் பக்கத்து ஊரான கிறிக்கில்வூட்டில் பென்ட்லி கார்களின் எஞ்சினும் சட்டமும் பிறக்க, அவற்றுட் பலவற்றுக்கு உடம்பு இங்கே கிடைத்தது. 1946இல் ஒஸ்டின் இந்நிறுவனத்தை வாங்கியது. பின்னர் பிறின்சஸ் என்னும் பெரிய கார்கள் இங்கிருந்து உருண்டன. ஏ35 செய்யப்பட்டது பர்மிங்காமின் லோங்பிறிஜ்ஜில் என்பது எமக்குத் தெரியாததன்று. ஆயினும் ஓர் ஊரில் ஒரு பானை ஓடு கிடைத்தால் உலக நாகரிகம் முழுவதும் அங்கேதான் தோன்றியது என நிறுவும் முறையியல் நம்மிடையே வலுப்பெற்றிருப்பதால், யாமும் அதையே பின்பற்றினோம்.

1920களின் இறுதியில் ஜோன் லோகி பெயர்ட் தொலைக்காட்சிச் சோதனை நடத்தியதும் கிங்ஸ்பரியில்தான். இதற்கும் பிறேக்குக்கும் தொடர்பில்லை. தொடர்பில்லாத பகுதி ஒன்றேனும் இல்லாத ஆய்வேடு தேறியதாக வரலாறும் இல்லை.

முந்தைய ஆய்வுகள்

இல்லை. இருந்தவற்றைக் கடல் கொண்டது.

பிறேக்கின் மூன்று காலம்

முதற்காலம் கம்பிக் காலம். 1922இல் வந்த ஒஸ்டின் செவனில் கால் மிதித்தால் பின்சில்லுகள் நிற்கும். கை இழுத்தால் முன்சில்லுகள் நிற்கும். இரண்டும் ஒன்றிணைய 1930 ஆயிற்று. கடைக்காலம் முழுத் திரவக் காலம். இடைக்காலத்தைச் சேர்ந்தது நம் ஏ35: முன்சில்லுகளில் திரவ அழுத்தம், பின்சில்லுகளில் இரும்புக் கம்பி. தரைத்தகட்டின் கீழ் உள்ள ஒற்றைச் சிலிண்டர் கம்பியை இழுக்க, கம்பி பின் அச்சிலுள்ள நெம்பை இழுக்க, நெம்பு இரு சில்லுகளின் பிறேக் சூக்களையும் விரிக்கும். திரவம் முழுவதும் ஒழுகிப்போனாலும் கைபிறேக் அதே கம்பியைப் பிடித்து இழுக்கும்.

தூசியல்

ஊதற்க. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் உண்டு.

கசிவியல்

பின்சில்லின் டிறம்மைக் கழற்றியபோது உள்ளே ஈரம் காணப்பட்டது. இதற்குரிய பழைய நூற்பா எதுவும் கிடைக்காமையால் யாமே ஒன்று செய்துகொண்டோம். இரண்டு கருத்தரங்குகளில் வாசித்துவிட்டால் அது பழையதாகிவிடும்.

ஒயிலும் கிறீசும் பிறேக்குத் திரவமும்
மூன்றே என்ப சில்லின் ஈரம்;
ஈரம் கண்டுழிச் சூவை மாற்றேல்;
ஊற்றுக்கண் தேடல் உழைப்போர் கடனே.

இதற்கு உரை கண்டோர் மூவர்.

முதல் உரைகாரர், 'பிறேக்குத் திரவமும்' என்பது இடைச்செருகல் என்பார். ஏ35இன் பின்சில்லுக்குள் திரவச் சிலிண்டரே இல்லை. அது தரைத்தகட்டின் கீழ் கிடக்கிறது. இல்லாத சிலிண்டரிலிருந்து திரவம் ஒழுகுவது எங்ஙனம் என்பது அவர் வினா. (பட்டறைக் கையேடு, பக்கம் ஒயிலில் அழிந்தது.)

இரண்டாம் உரைகாரர் அதை மறுப்பார். நூற்பா பொதுவாகச் 'சில்லு' என்றதேயன்றிப் 'பின்சில்லு' என்னாமையின், முன்சில்லையும் தழுவியது என்பர். (மேற்படி கையேடு, அழியாத பக்கம், ஆனால் அது ஹீட்டரைப் பற்றியது.)

மூன்றாம் உரைகாரர், முதலிருவரும் காரைப் பார்க்கவில்லை என்பதைப் பதினெட்டுப் பக்கங்களில் நிறுவுவார். தாமும் பார்க்கவில்லை என்பதைக் குறிப்பிடார். (கிங்ஸ்பரி வீதிக் கடையொன்றின் மிக்சர்ப் பையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியது, மிக்சர் தின்றவர் சொல்லக் கேட்டவர் சொன்னது, கேட்டவர் அப்போது வேறொருவருடன் தொலைபேசியில் இருந்தார், ஒப்புநோக்குக: அதே பை, முன்புறம், காலாவதித் தேதி.)

இவ்விவாதம் நடக்கையில் ஒயில் ஒழுகிக்கொண்டிருந்தது என்பதையும் பதிவுசெய்தல் தகும்.

ஒயிலின் பயணம் இது. பின் அச்சின் நடுவிலுள்ள டிபறென்ஷல் பெட்டியில் கெட்டியான ஒயில் இருக்கிறது. அது அச்சுக்குழாய் வழியே இரு புறமும் செல்லப் பார்க்கும். சில்லின் ஹப்பில் உள்ள ஒயில் சீல் அதைத் தடுக்கும். சீலின் உதடு தேய்ந்தாலோ, அது உரசும் இடத்தில் பள்ளம் விழுந்தாலோ, அச்சுத்தண்டின் தட்டுக்கும் ஹப்புக்கும் இடையிலுள்ள காகிதக் கஸ்கெற் கிழிந்தாலோ, ஒயில் வெளியேறி லைனிங்கில் ஊறும். ஊறிய சில்லு பிடிக்காது, மறுசில்லு பிடிக்கும், கார் பிடித்த பக்கம் போகும். பெற்றோலில் கழுவிக் காயவைத்தால் தீருமென்போர் உளர். லைனிங் சூடேறும்போது உள்ளூறிய ஒயில் மீண்டும் வெளிவரும்.

இனி, கம்பியைக் குறுக்கினால் பிறேக் இறுகுமென்னும் திருகற் கொள்கையினரும் உளர். சூவின் தேய்மானத்தைச் சூவின் அட்ஜஸ்டரிலேயே சரிசெய்யவேண்டும். கம்பி அதன் அளவிலேயே நிற்கவேண்டும். காரணத்தை விட்டுக் கம்பியைத் திருகுவோர் பிற துறைகளிலும் பதவி உயர்வு பெற்றுள்ளமையால், இக்கொள்கை இன்னும் நெடுங்காலம் வாழும்.

மெய்ப்பாட்டியல்

கராஜ்காரர் யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாத அவ்வூரில், சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஒஸ்டினையும் மொறிஸ் மைனரையும் ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் நூற்பாவைக் கேட்டார். மூன்று உரைகளையும் கேட்டார். பின்பு சொன்னது:

"தம்பி, ஒயில் ஏன் வருது எண்டு பாராமல் சூ மாத்தினால், புதுச் சூவும் ஒயில் குடிக்கும். சீல் மாத்தினாலும் காணாது. மூச்சுத்துளையைப் பாத்தனீங்களோ?"

எவ்வுரையிலும் இல்லாத பாடம் இது. அச்சுக் கூட்டின் மேல் சிறு மூச்சுத்துளை ஒன்றுண்டு. ஓட்டத்தில் அச்சு சூடேற உள்ளிருக்கும் காற்று விரியும். துளை திறந்திருந்தால் வெளியேறும். சேறும் பழங்கிறீசும் அடைத்திருந்தால், விரிந்த காற்று ஒயிலைச் சீலின் மேல் தள்ளும். புதுச் சீலும் தோற்கும். மூச்சுவிட வழியில்லாத எந்தத் துறையிலும் உள்ளிருப்பது ஓரங்களில்தான் கசியும் என்பது இதன் விரிவு. பல்கலைக்கழகங்களை யாம் குறிப்பிடவில்லை.

அவர் ஒரு கம்பித்துண்டால் துளையைத் துப்புரவாக்கினார். உதடு ஒயிலைப் பார்க்கும்படி, அதாவது உட்புறமாக, புதுச் சீலை இறக்கினார். காகிதக் கஸ்கெற்றை மாற்றினார். இரு சில்லுக்கும் சோடியாகப் புது லைனிங் போட்டார். சில்லு இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, உரசாமற் சுழலும் அளவுக்குத் தளர்த்தினார். காரைச் சமதரையில் நிறுத்தி, அச்சின் ஒயிலை நிரப்புத்துளை மட்டம்வரை மட்டுமே விட்டார். மிகுதியாக விட்டால் அதுவும் கசிவுக்குக் காரணமாம்.

முடிவுரை

கார் இப்போது நேராக நிற்கிறது. சில்லு காய்ந்திருக்கிறது. ஆய்வுத்துறைக்கு இது பேரிழப்பு. மூன்று உரைகளுக்கும் களமில்லை. நான்காம் உரைகாரர் தமது முன்னுரையை மட்டும் முடித்திருந்தார். ஆகவே பின்சில்லு ஒழுகும் ஒஸ்டின் வைத்திருப்போர், அதைக் கராஜுக்குக் கொண்டுபோகாமல் முதலில் எமக்கு அறிவிக்குமாறு வேண்டுகிறோம். மூச்சுத்துளையைத் தயவுசெய்து தொடவேண்டாம்.