பெட்டிக்குள் இருப்பது யார்?

கேள்வி: பழைய யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று கையில் இருக்கிறது. டிரைவர் தேடித் தேடியே தலை நரைத்துவிட்டது. குப்பையில் போட்டுவிடலாமா?

பதில்: பொறுங்கள். எந்தப் பெயரைச் சொல்லித் தேடினீர்கள்? மேலே அச்சடித்த பெயரையா, உள்ளே இருக்கும் சிப்பின் பெயரையா? டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரையே பாருங்கள். பெயர் ஒன்றுதான். முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்! ஒன்றின் டிரைவர் மற்றதற்குச் சல்லிக்காசுக்கு உதவாது.

லினக்ஸ் கணினியில் செருகி, ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். முக்காற்புள்ளிக்கு இருபுறமும் நான்கு நான்கு எழுத்தாக ஓர் அடையாள எண் வரும். அதை வைத்துத் தேடுங்கள். 9271 என்று முடிந்தால் உங்களுக்கு யோகம்தான்: அந்த ஏதெரோஸ் சிப்புக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. ஃபர்ம்வேர் கோப்பு மட்டும் வேண்டும். அதன் மூல நிரலையும் 2013-லேயே திறந்துவிட்டார்கள். எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்திருந்தால் எத்தனை அடாப்டர்கள் பிழைத்திருக்கும்!

கேள்வி: 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த வைஃபை கார்டை ஓட வைத்துவிட்டேன். பாராட்ட மாட்டீர்களா?

பதில்: கைகொடுங்கள்! 11 மெகாபிட் வேகம் கடிதம் படிக்கத் தாராளம். ஆனால் அதற்குத் தெரிந்த பூட்டு ‘வெப்’ (WEP) என்ற குறியாக்க முறை மட்டும் என்றால், அந்தப் பூட்டு 2001-லேயே உடைபட்டுவிட்டது. கார்டுக்காக ரௌட்டரின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பைத் தளர்த்திவிடாதீர்கள். வங்கிக் கணக்கு அதே வீட்டில்தான் இருக்கிறது.