ஐரோப்பாவில் ஊற்றிய தண்ணீர்

தகப்பனார்: அண்ணே, பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்தீர்களா? கோட்டும் டையுமாக, பின்னால் பெரிய தேவாலயக் கோபுரம் தெரிய நிற்பது நம் வீட்டுப் பிள்ளைதான். 'பார்சிலோனாவில் இன்டர்ன்ஷிப் முடித்துத் தாயகம் திரும்பும் எங்கள் சிங்கமே' என்பது அவன் தாய்மாமன் எழுதச் சொன்ன வாசகம்.

போர்மேன்: பார்த்தேன் தம்பி. கும்பிடு போடாமல் நிற்கிற இந்த வேட்பாளர் யாராயிருக்கும் என்று அதிசயித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் படித்த பிறகுதான் நம் பையன் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன் ஆகையால், மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளை கடல் கடந்து போய் என்ன கற்று வந்தான் என்று உங்கள் வாயால் கேட்க ஆசை. என்ன கம்பெனி?

தகப்பனார்: ஸ்டார்ட்அப். ஊர் சுற்றவரும் இளைஞர்களுக்கு விடுதி பிடித்துக் கொடுக்கும் ஆப். அந்த விடுதிகளில் உள்ள கட்டில், மெத்தை, நாற்காலி எல்லாவற்றையும் எண்ணி எக்ஸெல்லில் ஏற்றுவது இவன் பொறுப்பு.

போர்மேன்: மெத்தை எண்ணினான்.

தகப்பனார்: ஆமாம், ஆனால் பார்சிலோனாவில்!

போர்மேன்: திருமுல்லைவாயில் கல்யாண மண்டபத்தில் வாடகைப் பாத்திரம் எண்ணி வைக்கும் பையனும் இதையேதான் செய்கிறான். ஒரு கரண்டி குறைந்தாலும் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்பதால் அவன் கணக்கில் பிழையும் வருவதில்லை.

தகப்பனார்: அவன் எண்ணுவது மண்டபத்தில், அண்ணே. இவன் எண்ணியது...

போர்மேன்: பார்சிலோனாவில். விளங்குகிறது. மாதச் சம்பளம் என்ன கொடுத்தார்கள்?

தகப்பனார்: நாம்தான் கொடுத்தோம். ஏஜென்சிக்கு 3,50,000 ரூபாய். விமான டிக்கெட் தனி, விசாக் கட்டணம் 90 யூரோ தனி, சாப்பாடு தனி. அவன் அம்மாவின் ஆரம் பூந்தமல்லியில் அடகில் இருக்கிறது.

போர்மேன்: வேலை செய்தவன் கூலி கொடுக்க, வேலை வாங்கியவன் அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் தர்மம் எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணிகூட வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்துத்தான் கூட்டிப்போனான். பிறகு அதைக் கூலியில் பிடித்து ஜன்மத்துக்கும் கடனாளி ஆக்கினான் என்பது வேறு கதை. அந்த முன்பணத்தையும் நம்மிடமே வாங்கிக்கொள்ளும் கங்காணி இந்த நூற்றாண்டின் நூதன சிருஷ்டி.

தகப்பனார்: கங்காணி என்று சொல்லாதீர்கள். அவர் குளோபல் கரியர் கன்சல்டன்ட். ஏசி அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, சுவரில் உலகப்படத்தைக் காட்டி எவ்வளவு மரியாதையாகப் பேசினார் தெரியுமா?

போர்மேன்: மூன்றரை லட்சத்துக்குக் காபியோடு பலகாரமும் கொடுத்திருக்கலாம். போகட்டும்; சம்பளமே இல்லாமல் பயிற்சிக்கு வருகிற மாணவனையும் சமூகப் பாதுகாப்பில் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் ஸ்பெயின் தேசத்தில் சட்டம் அமலில் இருக்கிறது. நம் பையனைப் பதிவு செய்தார்களா?

தகப்பனார்: டி-ஷர்ட் கொடுத்தார்கள்.

போர்மேன்: என்ன விசாவில் போனான்?

தகப்பனார்: டூரிஸ்ட். எல்லையில் கேட்டால் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார் கன்சல்டன்ட்.

போர்மேன்: சர்டிபிகேட்டில் என்ன போட்டிருக்கிறது?

தகப்பனார்: இரண்டு மாதம் முழுநேரப் பணிப் பயிற்சி.

போர்மேன்: ஆக, அந்த நாட்டு வாசலில் காட்டிய காகிதம் பொய்யாக இருக்கவேண்டும், அல்லது இந்த நாட்டுக் கல்லூரியில் காட்டப்போகும் காகிதம் பொய்யாக இருக்கவேண்டும்.

தகப்பனார்: இரண்டையும் ஒரே ஆபீசில் காட்டப்போவதில்லையே, அண்ணே.

போர்மேன்: பையன் கற்றானோ இல்லையோ, நீங்கள் நன்றாகக் கற்றிருக்கிறீர்கள். பாஷையாவது படிந்ததா?

தகப்பனார்: இங்கேயே 12,000 ரூபாய் கட்டி ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனான். அங்கே இறங்கிப் பார்த்தால் தெருப் பலகை, மெட்ரோ அறிவிப்பு எல்லாம் காட்டலான் பாஷையில் இருக்கிறது. அதுதான் அந்தச் சீமையின் சொந்த மொழியாம். அறையில் கூட இருந்தவர்களோ நெல்லூர்ப் பையன்கள் மூன்று பேர், ஆவடிப் பையன் ஒருவன். எல்லோரும் அதே ஏஜென்சி. இரண்டே மாதத்தில் தெலுங்கு சரளமாக வந்துவிட்டது.

போர்மேன்: தெலுங்கு கற்றான்.

தகப்பனார்: ஆனால் பார்சிலோனாவில்!

போர்மேன்: சென்ட்ரலில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் நெல்லூர். சரி, ஆகஸ்ட் மாதம் முழுவதும் அங்கேதான் இருந்தானா? அந்தத் தேசத்தில் ஆகஸ்ட் பிறந்தால் முதலாளி முதல் சமையற்காரர் வரை கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்கும் சொந்தக் கிராமத்துக்கும் போய்விடுவார்கள் என்று கேள்வி.

தகப்பனார்: போய்விட்டார்கள். அதனால்தான் இவனுக்குப் பொறுப்பு கூடியது. ஆபீஸ் சாவியை இவன் கையில் கொடுத்து, ஜன்னல் ஓரத் தொட்டிச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு செடி வாடவில்லை, அண்ணே! சர்டிபிகேட்டில் அதை 'நீடித்த பசுமைக் கட்டமைப்பு மேலாண்மை' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

போர்மேன்: நம் வீட்டு மாடியில் துளசி பட்டுப்போய் நிற்கிறதே, அதற்கு ஒரு நாளாவது...

தகப்பனார்: அது மாடியில். இது...

போர்மேன்: சொல்லாதீர்கள், நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆபீஸ் எந்தப் பேட்டையில் இருந்தது?

தகப்பனார்: போப்லநோவ் என்றான். பழைய பஞ்சாலையாம், செங்கல் புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டு, சுற்றிலும் கண்ணாடி மாளிகை கட்டியிருக்கிறார்களாம்.

போர்மேன்: அடடா, அந்த இடத்தைப் பற்றி வாசித்திருக்கிறேன். காட்டலோனியாவின் மான்செஸ்டர் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய பேட்டை அது. ஆலைகள் மூடிப்போய்ப் பாழ்பட்டுக் கிடந்ததை 2000-ஆம் ஆண்டில் திட்டம் போட்டுக் கம்ப்யூட்டர்க்காரர்களின் வட்டாரமாக மாற்றினார்கள். அதைப் பார்க்கவா அத்தனை தூரம் போனான்? 1960-களில் ஏக்கர் ஏக்கராக வளைத்துப் போட்ட நம் எஸ்டேட்டில், விடிந்தால் சங்கு ஊதி, கூலன்ட் எண்ணெயின் வாடையோடு தெருவே சைக்கிளில் நகர்ந்த இடங்களில், லேத்துகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு இன்று எழுப்பியிருப்பதும் அதே கண்ணாடி மாளிகைதானே? அவர்களாவது புகைபோக்கியை ஞாபகத்துக்கு விட்டுவைத்தார்கள்.

தகப்பனார்: உங்கள் பேச்சைக் கேட்டால் ஸ்பெயினில் கற்க ஒன்றுமே இல்லை என்றல்லவா தோன்றுகிறது?

போர்மேன்: யார் சொன்னது? 2016-இல் ஸ்பெயின் தேசத்து டால்கோ ரயிலைக் கப்பலில் கொண்டுவந்து பரேலி, மொராதாபாத் பாதையில் ஓட்டிப் பார்த்தார்களே, அதன் சக்கரங்கள் இடமும் வலமும் ஒரே இருசில் கோத்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே சுழல்பவை. வளைவு வந்தால் பெட்டி தானாகவே உள்பக்கம் சாய்ந்துகொடுக்கும். அந்தத் தேசத்து அகலப் பாதை 1,668 மில்லிமீட்டர், நம்முடையது 1,676. வித்தியாசம் எட்டே எட்டு மில்லிமீட்டர். மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளை ஸ்பெயினுக்குப் போக இந்த ஒரு சக்கரம் போதாதா? எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை தம்பி. எதைத் தொட்டான் என்றுதான் கேட்கிறேன். இந்த வட்டாரமே அந்நிய தேசத்து வித்தையை வரவழைத்து, கைபடக் கற்று, தன்னுடையதாக்கிக்கொண்ட வட்டாரம். 1949-இல் இங்கிலாந்துக்காரர் கூட்டோடு அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955-இல் சுவிட்சர்லாந்துக்காரர் உதவியோடு பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறந்தார்கள். 1965-இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனிக்காரர் வரைந்து கொடுத்த விஜயந்தா டாங்கி ஆவடியில் உருண்டு வெளியே வந்தது. அந்தத் தலைமுறை அந்நியனிடம் வாங்கியது வித்தையை, டி-ஷர்ட்டை அல்ல.

தகப்பனார்: அது அரசாங்கம் செய்த காரியம். தனிப்பிள்ளைக்கு யார் செய்வார்கள்?

போர்மேன்: தனிப்பிள்ளைக்கும் வழி இருக்கிறது. மாணவர்களைத் தொழில் அனுபவத்துக்காக நாடு விட்டு நாடு அனுப்பும் ஐயேஸ்டே என்ற சங்கத்தை 1948-லேயே லண்டனில் தொடங்கினார்கள். அதன் வழியாகப் போகிறவனுக்கு, அந்த ஊரில் தங்கிச் சாப்பிடும் அளவுக்கு வேலை கொடுப்பவனே பணம் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு இடம் கிடைக்கப் போட்டி போடவேண்டும், தகுதி காட்டவேண்டும். நம் கங்காணியிடம் தகுதிச் சோதனை ஒன்றே ஒன்றுதான்: ஆரம் எத்தனை பவுன்?

தகப்பனார்: அண்ணே, இவ்வளவு நேரம் நீங்கள் பேசினீர்கள், இப்போது நான் பேசுகிறேன். போன மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில், பயோடேட்டாக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உங்கள் எஸ்டேட்டில் ஒவ்வொரு கேட்டாக இதே பிள்ளை போய் நின்றான். ஓர் இடத்தில் சிபாரிசு யார் என்று கேட்டார்கள். ஓர் இடத்தில் சேப்டி ஷூ இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்றார் வாட்ச்மேன். அவர் காலில் ரப்பர் செருப்பு. கடைசியாக ஓர் இடத்தில் இரக்கப்பட்டு உள்ளே கூப்பிட்டு, 'ஏன் தம்பி வெயிலில் அலைகிறாய், 2,000 ரூபாய் வைத்துவிட்டுப் போ, ஒரு மாதம் வந்து போனதாக லெட்டர்ஹெட்டில் அடித்துத் தருகிறேன்' என்றார்கள். கல்லூரியோ, 2018-இல் வந்த கொள்கைப்படி 600, 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் காட்டு என்கிறது. எங்கே போவது என்று கேட்டால், அது உன் பாடு என்கிறது. அந்தக் கல்லூரியின் பஸ்களின் முதுகில் எல்லாம் 'எங்கள் மாணவர்கள் ஐரோப்பாவில்' என்று எழுதியிருக்கிறது. நான் என்ன செய்வேன்? 2,000 ரூபாய்ப் பொய்யைவிட மூன்றரை லட்ச ரூபாய்ப் பொய் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

போர்மேன்: ...இதை முதலிலேயே சொல்லியிருந்தால் உங்களை இவ்வளவு நேரம் பரிகாசம் செய்திருக்கமாட்டேன். கோபம் போகவேண்டிய இடம் வேறு. நல்ல டர்னர் கிடைக்கவில்லை, மைக்ராமீட்டர் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளைகூட இந்த ஊரில் இல்லை என்று டீக்கடைக்கு டீக்கடை ஒப்பாரி வைக்கிற முதலாளி, அதைக் கற்றுக்கொள்ள வாசலில் வந்து நிற்கிற பிள்ளையை ஈ ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறானே, அவனை என்ன சொல்வது? பயிலுநர் சட்டம் வந்தது 1961-இல். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பயிலுநரை எடுத்தே ஆகவேண்டும், பட்டதாரியானால் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். சட்டம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளை தெருவில் நிற்கிறான். கற்றுக்கொடுக்கவேண்டிய கல்லூரி பஸ்ஸின் முதுகில் எழுதுகிறது, கைப்பழக்கம் கொடுக்கவேண்டிய பட்டறை லெட்டர்ஹெட் விற்கிறது. இரண்டுக்கும் நடுவே உண்டான பள்ளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாலியைத் தவிர மிச்சம் இருப்பதையெல்லாம் கழற்றச் சொல்கிறான் கங்காணி. இங்கே கேட் திறந்திருந்தால் அவனுக்குப் பிழைப்பு ஏது? இருபது வயதில் இரண்டு மாதம் என்பது சாமானியமா, தம்பி? அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறான் பிள்ளை!

தகப்பனார்: ...ஆனால்...

போர்மேன்: பார்சிலோனாவில் என்று சொன்னீர்களானால் எழுந்து போய்விடுவேன்.

தகப்பனார்: இல்லை அண்ணே. ஆனால், இனி என்ன செய்வது என்று கேட்க வந்தேன்.

போர்மேன்: என்னிடம் தொழில் பழகியவன் ஒருவன் எஸ்டேட்டின் பின்பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறான், பதினோரு பேர்தான், சட்டம் அவனைக் கட்டாயப்படுத்தாது, நான் கட்டாயப்படுத்துவேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பையனை அனுப்புங்கள். கோட்டும் டையும் வேண்டாம். தொளதொளத்த கை வைத்த சட்டையும் கூடாது, சுழலும் சக்கில் சிக்கிக்கொண்டால் சட்டையோடு கையையும் இழுத்துவிடும். முதல் வாரம் லேத்துக்குக் கீழே விழும் இரும்புச் சுருளைப் பெருக்குவான். எஃகுச் சுருள் எது, பித்தளைத் தூள் எது என்று துடைப்பத்துக்கு முன் கண் கற்றுக்கொள்ளும். இரண்டாம் வாரம் கையில் மைக்ராமீட்டர் கொடுப்பார்கள். ஒரே கம்பியைப் பத்துத் தடவை அளந்து பத்துத் தடவையும் ஒரே அளவு சொல்ல எத்தனை நாள் பிடிக்கிறது என்று பார்ப்போம். எனக்கு வெகு நாள் பிடித்தது. லீவு நாள்களில் தொடர்ந்து வந்தானானால், படிப்பு முடிவதற்குள் நாலு தாடைச் சக்கில் கோணல் வார்ப்பை நடுவம் பிசகாமல் பிடிக்கப் பழகிவிடுவான். அது வந்துவிட்டால், டால்கோ சக்கரத்தைக் கழற்றிக் காட்டு என்று ஸ்பெயின்காரனிடமே போய்க் கேட்கலாம். அவனும் உட்காரவைத்துக் காட்டுவான்.

தகப்பனார்: உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அண்ணே. எப்படிக் கைம்மாறு செய்யப்போகிறேனோ தெரியவில்லை. திங்கட்கிழமை நானே ஸ்கூட்டரில் கூட்டிவந்து விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். கேட்டால் தப்பாக நினைக்கக்கூடாது.

போர்மேன்: கேளுங்கள்.

தகப்பனார்: பட்டறைக்கு மாதம் நாம் எவ்வளவு கட்டவேண்டியிருக்கும்?